நரிக்கல்மேட்டுப் பால் தொழிற்சாலையில் வாசனை விசாரணை

நரிக்கல்மேட்டுக்குப் பால் தொழிற்சாலை வந்த வரலாறு சுருக்கமானது. ஆனால் அது நடந்து முடிய ஒன்பது வருஷம் பிடித்தது. 1950-இல் தீர்மானம் போட்டார்கள். 1952-இல் அடிக்கல் நாட்டினார்கள். நாட்டிய இடம் ஓடைப் புறம்போக்கு என்று பிறகு தெரியவந்ததால் 1955-இல் வேறொரு இடத்தில் இன்னொரு அடிக்கல் நாட்டினார்கள். 1957-இல் கட்டடம் எழுந்தது. மறுவருஷம் டென்மார்க்கிலிருந்து இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து ஆம்பூர் ரயிலடியில் இறங்கின. பால் 1959-இல் வந்தது.

பாலுக்கு முன்னால் மேனேஜர் வந்துவிட்டார். அவர் பெயர் கிருஷ்ணராஜ். டென்மார்க்கில் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர். பால் வராத இரண்டு வருஷமும் அவர் மாதம் தவறாமல் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு அறிக்கையிலும், இந்த மாதம் கெட்டுப்போன பால் ஒரு படிகூட இல்லை என்று எழுதியிருந்தது. சென்னையில் அதைப் படித்துப் பாராட்டினார்கள்.

மாதனூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே, பாலாற்று மணலுக்கு இந்தப் பக்கம் இருந்தது தொழிற்சாலை. சுற்றியிருந்த பதினான்கு கிராமத்துப் பாலும் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் அங்கே வரும். காய்ச்சிக் குளிரவைத்துக் கேனில் அடைத்துச் சென்னைக்கு ரயிலேற்றுவார்கள். காலியாகத் திரும்பும் கேன்களைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவ ஒன்பது பெண்கள் இருந்தார்கள். ஒன்பது பேரும் ஊருக்குக் கிழக்கே இருந்த சேரியைச் சேர்ந்தவர்கள். பாலில் கை வைக்கும் வேலைக்கு அவர்களை எடுக்கவில்லை. பால் இருந்த பாத்திரத்தில் கை வைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். இந்த வேறுபாடு எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஒன்பது பேரில் மூத்தவள் செல்லம்மாள். முப்பத்தைந்து வயது. அதற்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் தோல் பதம் செய்வதற்கு ஆவாரம்பட்டை இடித்தவள். அவள் புருஷன் சின்னசாமி இன்னமும் அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தான். சோடாத் தண்ணீரில் செல்லம்மாளுக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து பஸ் ஏறினால், பின்னால் போய் நில் என்று கண்டக்டர் சொல்வதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டு வருஷம் அவள் அப்படிப் பஸ்ஸில் உட்கார்ந்து போனாள்.

1961 ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நரிக்கல்மேட்டுப் பாலில் தோல் வாசனை வருகிறது, விளக்கம் தேவை என்று அதில் இருந்தது.

மேனேஜர் மூன்று நாள் அறையைச் சாத்திக்கொண்டு யோசித்தார். நான்காம் நாள் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்.

"தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே. நம்முடைய பாலில் தோல் வாசனை வருவதாக எழுதியிருக்கிறார்கள். இதை நான் விஞ்ஞான முறையில் ஆராய்ந்தேன். இயந்திரத்திலிருந்து வர முடியாது, அது டென்மார்க்கில் செய்தது. கட்டடத்திலிருந்து வர முடியாது, அதற்கு இஞ்சினீயர் சான்றிதழ் இருக்கிறது. மாட்டிடமிருந்தும் வர முடியாது. மாட்டுக்குத் தோல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது வெளிப்பக்கம் இருக்கிறது, பால் உள்பக்கம் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வரவே முடியாது, ஏனென்றால் நாங்கள் யாரும் பால் பக்கமே போவதில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது நீங்கள்தான். இதில் யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. கழித்தால் அப்படி வருகிறது, அவ்வளவுதான்."

கழித்துப் பார்த்ததில் தப்பு எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சுற்றறிக்கை ஒட்டினார்கள். தோலோடு சம்பந்தமுள்ள குடும்பத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் தினமும் காலையில் கேட்டருகே வாசனைப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்றது அது. எந்தச் சாதியின் பெயரும் அதில் இல்லை. ஆனால் படித்துக் காட்டி முடிப்பதற்குள் ஒன்பது பெண்களும் தாமாகவே ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள்.

பரிசோதிக்கும் பொறுப்பு தலைமை குமாஸ்தா நந்தகோபாலுக்குக் கிடைத்தது. குடியாத்தத்துக்காரர், ஐம்பது வயது. அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. இருபத்தைந்து வருஷமாகப் போட்டுப் போட்டு, தன் வீட்டில் ரசம் கொதிப்பதுகூடத் தெரியாத அளவுக்கு மூக்கு மரத்துப் போயிருந்தது. இதை அவரே மேனேஜரிடம் சொன்னார். பதவி வரிசைப்படி அந்தப் பொறுப்பு தலைமை குமாஸ்தாவுக்குத்தான் வருகிறது, மூக்கைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பரிசோதனை இப்படி நடந்தது. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதன் பின்னால் பெண் நிற்க வேண்டும். மூன்றடி தள்ளி நந்தகோபால் நிற்பார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். பொத்திக்கொண்டே இரண்டு தரம் மூச்சை இழுப்பார். பிறகு பதிவேட்டில் உண்டு, இல்லை, ஐயம் என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் குறிப்பார். எந்தக் கட்டம் என்பதை அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 'கணவர் தொழில்' என்ற பத்தியைப் பார்த்து முடிவு செய்தார். முதல் நாள் செல்லம்மாளையும் சேர்த்து ஆறு பேருக்கு உண்டு, மூன்று பேருக்கு ஐயம். இல்லை என்ற கட்டத்தில் யாரும் விழவில்லை.

உண்டு என்று வந்தவர்கள் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வரவேண்டும். அதற்காக ஆளுக்கொரு கார்பாலிக் சோப்பு கொடுத்தார்கள். பாலாற்றில் சித்திரை மாதத்தில் மணல்தான் இருக்கும். ஆறு பெண்களும் மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக் குளித்து, ஈரப் புடவையோடு ஒரு மைல் நடந்து வருவார்கள். திரும்பவும் கோட்டின் பின்னால் நிற்பார்கள். இரண்டாம் பரிசோதனைக்குச் சுற்றறிக்கையில் இடமில்லாததால் நந்தகோபால் அவர்களைப் பார்க்காமலே உள்ளே விடுவார்.

மே மாதம் சென்னையிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. பாலில் இப்போது தோல் வாசனையோடு ஆஸ்பத்திரி வாசனையும் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் இதை முன்னேற்றம் என்று கருதினார். முன்பு இருந்த ஒரே வாசனையின் ஆதிக்கம் குறைந்திருப்பதாகப் பதில் எழுதினார்.

கூடவே இன்னொரு உத்தரவும் போட்டார். தோல் வேலை செய்யும் கணவன்மார், அந்த வேலையை விட்டுவிடுவதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். செல்லம்மாள் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சின்னசாமிக்குப் படிக்கத் தெரியாது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள்.

அவன் கொஞ்ச நேரம் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நா டேனரிய உட்டுட்டா அவங்க எனக்கு வேல குடுப்பாங்களாமா? கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா அதுக்கும் ஒரு பத்திரம் குடுத்திருப்பாங்க" என்று சொல்லி அவன் அதை மடித்துக் கூரையில் செருகினான்.

கையெழுத்துப் போடவில்லையே தவிர, அதற்குப் பிறகு சின்னசாமி மாறிப்போனான். காலையில் செல்லம்மாள் வேலைக்குக் கிளம்பும் வரை அவள் பக்கத்தில் வரமாட்டான். வேட்டியை வேலியிலேயே போட்டுவிட்டு, துண்டோடு வாசலில் குந்திக்கொண்டிருப்பான். கூழைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தான். ஏன்யா இப்படிப் பண்றே என்று கேட்டால், உனக்கு எதுக்கு பேஜாரு என்பான். நந்தகோபால் மூன்றடி தள்ளி நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது. இவன் தள்ளி நிற்பதுதான் பழகவில்லை. பதினேழு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷனிடம், நீ நாறவில்லை, வந்து உட்கார் என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே அவள் தினமும் வேலைக்குப் போனாள்.

ஜூன் மாதம் தனி அதிகாரி வந்தார். வீரபாகு என்று பெயர். வாசனையின் மூலத்தைக் கண்டறிய அனுப்பப்பட்டவர். பயணியர் விடுதியில் தங்கினார். தன் காப்பிக்கு வேண்டிய பாலைத் தொழிற்சாலையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாதனூரில் ஒரு வீட்டிலிருந்து தனியாகப் போயிற்று.

வீரபாகு முதலில் காற்றைச் சந்தேகித்தார். ஆம்பூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் அங்குள்ள தோல் வாசனை வந்துவிடும் அல்லவா? கூரை மேல் கம்பம் நட்டு அதில் துணி கட்டினார்கள். துணி கிழக்கே பறந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்ததும் கதவு, ஜன்னல், கேட் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். ஆடி மாதம் பிறந்தது. ஆடியில் அந்தப் பக்கம் காற்று வேறு எப்படியும் அடிக்காது. பால் வண்டிகள் கேட்டுக்கு வெளியே வெயிலில் வரிசையாக நின்றன. மத்தியானத்துக்குள் பால் திரிந்தது. கொண்டுவந்தவர்கள் முதல் நாள் சத்தம் போட்டார்கள், இரண்டாம் நாள் கெஞ்சினார்கள், மூன்றாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. ஆம்பூரில் டீக்கடைக்காரர்கள் வாசனை பார்க்காமல் பால் வாங்கினார்கள். வரும் பால் குறைந்ததால் புகாரும் குறைந்தது என்று வீரபாகு குறித்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் பால் பம்பு அடைத்துக்கொண்டது. தொட்டியிலிருந்து பாலை மேலே ஏற்றும் பம்பு அது. ஃபிட்டர் ரஷீத் அஹமது அதைக் கழற்றினார். வாணியம்பாடிக்காரர், அந்த இயந்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதே அவர்தான். பாகங்களைக் கழுவச் செல்லம்மாளைக் கூப்பிட்டார். பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையத்தை, அதை வாஷர் என்பார்கள், அவள் கையில் எடுத்தாள். கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பாய், இது இன்னாது?"

வாஷர் என்றார் ரஷீத்.

"எருமத் தோலு பாய் இது. சுண்ணாம்பு சரியா போவல. பட்டத் தண்ணியில நாலு நாளு கூட ஊறல. பச்சத் தோலு. பாலு பட்டா நாறாம இன்னா பண்ணும்?"

ரஷீத் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். வாணியம்பாடியில் பிறந்தவனுக்கு உலகமே இந்த வாசனையில்தான் இருக்கிறது, இது ஜாஸ்தியா கம்மியா என்று எப்படித் தெரியும் என்றார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். டென்மார்க்கிலிருந்து வந்த ரப்பர் வாஷர் தேய்ந்துபோய்விட்டது. புதிது கேட்டு எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில், உள்ளூர்த் தொழிலை ஆதரிக்கும் திட்டத்தின் கீழ் அலுவலகத்தில் ஆம்பூர் பஜாரிலிருந்து ஒரு டஜன் தோல் வாஷர் வாங்கிக் கொடுத்தார்கள். மேனேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார். மார்ச் கடைசியில் மாட்டியது.

மார்ச் கடைசியில் மாட்டியது, ஏப்ரலில் கடிதம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லம்மாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மூன்று மாதமாக மணலில் தோண்டிக் குளித்ததும், சின்னசாமி வாசலில் குந்திக் கூழ் குடிப்பதும் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே விசாரணைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள். ரஷீத் கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டைப் பையில் வாஷரைப் போட்டுக்கொண்டு கூடப் போனார்.

வீரபாகு அப்போது மேனேஜர் அறையில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். நந்தகோபால் எழுதிக்கொண்டிருந்தார். செல்லம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள். ரஷீத் வாஷரை மேஜை மேல் வைத்தார்.

வீரபாகு அதைப் பென்சில் முனையால் தள்ளிப் பார்த்தார். "இது பதம் செய்யாத தோல் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது சார். மோந்தா இன்னும் தெரியுது."

"முகர்ந்தே சொல்லும் அளவுக்கு உனக்குத் தோலோடு பழக்கம் உண்டு. அப்படித்தானே?"

"ஒம்பது வருஷம் பட்ட இடிச்சேன் சார்."

வீரபாகுவுக்கு முகம் மலர்ந்தது. வந்து ஆறு வாரத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஒப்புதல் அது. சாட்சி தனக்குத் தோலுடன் ஒன்பது ஆண்டுகள் தொடர்பு உண்டு என்பதைத் தானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார் என்று எழுதச் சொன்னார்.

"அதில்ல சார். நாத்தம் இதுலேர்ந்து வருது. நீங்களே மோந்து பாருங்க."

"அம்மா, நான் முகர்ந்து பார்த்தால் அது என் சொந்த அபிப்பிராயம் ஆகிவிடும். இந்தத் தொழிற்சாலையில் அங்கீகாரம் பெற்ற மூக்கு தலைமை குமாஸ்தாவுடையதுதான்."

வாஷரைக் கேட்டருகே கொண்டுபோய் சுண்ணாம்புக் கோட்டின் பின்னால் வைத்தார்கள். நந்தகோபால் மூன்றடி தள்ளி நின்றார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு தரம் மூச்சை இழுத்தார். கணவர் தொழில் என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லாததால் 'இல்லை' என்று குறித்தார். அந்தப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் பெயர் வாஷருடையதுதான்.

வாஷரை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். விசாரணை முடியும்வரை செல்லம்மாளைத் தற்காலிகமாக நீக்கி வைத்தார்கள்.

வாஷர் உறைக்குள் போய்விட்டது, விசாரணை முடியாமல் இன்னொன்று கொடுக்க அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள், அதனால் பம்பு ஓடவில்லை. ஆட்கள் பாலைக் குடத்தில் மொண்டு படியேறி ஊற்றினார்கள். ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து தந்தி வந்தது. நான்கு நாளாகப் பாலில் எந்த வாசனையும் இல்லை, பாராட்டுக்கள் என்று சொன்னது தந்தி.

வீரபாகு அன்றைக்கே அறிக்கையை முடித்தார். செல்லம்மாள் வேலைக்கு வந்தவரை வாசனை இருந்தது, அவள் நின்றதும் வாசனை நின்றது, இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை என்று அதில் எழுதினார். ரஷீத் குறுக்கே புகுந்து, அதே நான்கு நாள் வாஷரும் இல்லையே என்றார். வாஷருக்கு வாசனை இல்லை என்று பதிவேட்டில் இருக்கிறதே என்று வீரபாகு பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

செல்லம்மாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கேட்டருகே ஒரு பலகை அடித்து, 'வாசனையுள்ளவர்கள் – உள்ளே அனுமதி இல்லை' என்று கறுப்புப் பெயிண்டில் எழுதி, கீழே அவள் பெயரை எழுதினார்கள். இன்னார் மனைவி, இன்ன கிராமம் என்ற விவரமும் இருந்தது. மாதனூர் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

பம்பை ஓட்ட வேண்டுமே. அலுவலகத்தில் டஜனில் இன்னொரு வாஷரை எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் வாசனை திரும்பி வந்தது. ரஷீத் போய் மேனேஜரிடம் சொன்னார். அறிக்கை சென்னைக்குப் போய் ஏற்றுக்கொள்ளப்பட்டும்விட்டது, இனிமேல் வாஷர் காரணமாக இருக்க வழியில்லை என்றார் மேனேஜர். ஆகவே மிச்சமிருந்த எட்டுப் பேரில் ஒருத்தியை நீக்கிப் பார்த்தார்கள். வாசனை போகவில்லை. இன்னொருத்தியை நீக்கினார்கள். பலகையில் பெயர்கள் ஏறிக்கொண்டே போயின. தீபாவளிக்குள் ஒன்பது பெயரும் வந்துவிட்டன.

கேன் கழுவ ஆளில்லை. தோல் சம்பந்தம் இல்லாத ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த வட்டாரத்தில் அண்ணனோ மாமனோ அடுத்த வீட்டுக்காரனோ தோலில் இல்லாத ஆள் கிடைப்பது சுலபமாக இல்லை. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தார். எல்லாத் தகுதியும் இருந்தது. நேர்காணலில் இடுப்பிலிருந்த தோல் பெல்ட் தெரிந்துவிட்டதால் அனுப்பிவிட்டார்கள். ஆட்கள் கிடைக்கும்வரை பால் எடுப்பதை நிறுத்தி வைப்பது என்று 1962 பொங்கலுக்கு முன் முடிவாயிற்று. கொண்டுவந்து கொடுக்கவும் அதற்குள் யாரும் மிச்சமில்லை.

பால் நின்றதே தவிரத் தொழிற்சாலை நிற்கவில்லை. அலுவலகம் இருந்தது. வாசனைப் பிரிவு என்று புதிதாக ஒன்று ஏற்பட்டு அதற்கு இரண்டு குமாஸ்தாக்களும் வந்தார்கள். மாத அறிக்கைகள் போயின.

செல்லம்மாள் பழையபடி ஆம்பூரில் பட்டை இடிக்கப் போனாள். பஸ்ஸில் பின்னால் நின்றாள். பலகை வரும் இடத்தில் மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படிக்க வராமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைத்தாள். சின்னசாமியிடம் வாஷர் விஷயத்தை நாலைந்து தரம் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தரமும் அவன் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான்.

1964-இல் ஒருநாள், அவள் பட்டை இடிக்கும் கொட்டகைக்கு நந்தகோபால் வந்து நின்றார். மூன்றடி தள்ளித்தான் நின்றார். அது பழக்கமாகியிருக்க வேண்டும். விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக ஒரு புகார்கூட வராத ஒரே பால் தொழிற்சாலை என்று நரிக்கல்மேட்டுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள். கொடுப்பவர் வீரபாகு. அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். பத்திரிகைக்குப் போட்டோ எடுப்பார்கள், அதில் தொழிலாளர்கள் இருக்க வேண்டும். பழைய ஆட்கள் ஒரு நாளைக்கு வந்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

செல்லம்மாள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தாள். வருகிறேன் என்றாள். மற்ற எட்டுப் பேருக்கும் ஆச்சரியம். அவள் காரணம் சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பது பெண்களும் கேட்டுக்குப் போனார்கள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பலகையில் ஒன்பது பேர் பெயரும் இருக்கிறது, மாற்று உத்தரவு காட்டினால் விடுகிறேன் என்றான். அவன் சொன்னது சரிதான் என்று நந்தகோபாலே ஒப்புக்கொண்டார். மேனேஜர் வந்தார். இன்று ஒருநாள் கண்டுகொள்ளாதே என்றார் வாட்ச்மேனிடம். அவன் வழிவிட்டான். மற்றவர்கள் நகர்ந்தார்கள், செல்லம்மாள் மட்டும் நகரவில்லை.

"பேர அழிங்க சார். வர்றேன்."

அது தன் அதிகாரத்தில் இல்லை என்றார் மேனேஜர். தனி அதிகாரியின் அறிக்கையின் பேரில் எழுதியது, அவர் உத்தரவு போட்டால்தான் அழிக்கலாம். அவர்தான் வந்துகொண்டிருக்கிறாரே என்றாள் அவள். வந்துகொண்டிருப்பவர் விருந்தாளியாக வருகிறார், விருந்தாளியிடம் உத்தரவு கேட்க முடியாது, விண்ணப்பம் எழுதினால் வேலூர் வழியாகப் போகும் என்றார்.

"அப்ப விண்ணப்பம் போயி வரட்டும். நாங்க வெளியவே நிக்கிறோம்."

முன்னே போன எட்டுப் பேரும் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். மாதனூர்ச் சாலையில் புழுதி கிளம்புவது தெரிந்தது. மேனேஜர் புழுதியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். விழாவுக்கு வெள்ளையடிக்கத்தான் அனுமதி வாங்கியிருக்கிறது, அதுவும் சுவருக்கு மட்டும், பலகை சுவரில் சேருமா என்று நந்தகோபாலைக் கேட்டார். பழைய கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் அவர்.

ரஷீத் அஹமது அந்தச் சமயம் கேட் தூணுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பம்பு ஓடாத ஃபிட்டருக்கு அந்த வேலைதான் இருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, தூணிலிருந்து அப்படியே பலகைக்கு இழுத்தார். செல்லம்மாளின் பெயர் போயிற்று. அவள், எல்லாருதும் பாய் என்றாள். அவர் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் தோய்த்து இழுத்தார். மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றபோது பலகை வெள்ளையாக இருந்தது, கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

வீரபாகு கேடயத்தைக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார்.

"ஒரு பால் தொழிற்சாலையைக் கெடுப்பது எது? பால்தான். இது என் நீண்ட கால அனுபவம். பால் இருந்தால் புளிக்கும், ஈ வரும், வண்டி வரும், வண்டிக்காரன் சத்தம் போடுவான். இதற்கெல்லாம் இடம் கொடாமல் இந்த நிர்வாகம் சுத்தத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மற்ற தொழிற்சாலைகளும் இந்த நிலையை எட்ட வேண்டும் என்பதே என் ஆசை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு போட்டோவுக்கு நிறுத்தினார்கள். வெள்ளைப் புடவை கொடுத்து ஆளுக்கொரு கேன் கொடுத்தார்கள். செல்லம்மாள் தன் கேனின் விளிம்புக்குள் பழக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். துரு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை என்று போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னார். மேனேஜர் ஒரு பக்கமும் வீரபாகு ஒரு பக்கமுமாக அவள் தோளை ஒட்டி வந்து நின்றார்கள். இந்த அம்மா எத்தனை வருஷமாக வேலை செய்கிறார் என்று வீரபாகு அன்பாக விசாரித்தார். ஆரம்பத்திலிருந்தே என்று மேனேஜர் சொன்னார். அவர்கள் இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது செல்லம்மாளுக்குத் தெரிந்தது. போட்டோக்காரர் படம் பிடிக்க நேரமாக்கினார். வீரபாகுவின் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு நேரத்துக்குச் சின்னசாமி வந்திருந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"சிரிக்கச் சொன்னாங்க."

"சிரிச்சியா?"

"தெரியல. வெயிலு கண்ணுல அடிச்சுது."

அவன் கூழைக் கரைத்துக் கொடுத்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள். பிறகு இருவரும் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார்கள். இன்னும் அரை நாள் வேலை இருந்தது.